ஈக்யூவைத் திருப்புமுன்: மிக்ஸில் கேட்கும் கோளாறும் அதன் வேரும்

பதிவு செய்த ட்ராக்குகளைக் கலக்கும் மிக்ஸில் ஏதோ இடறுகிறது என்றால் முதலில் கை போகிற இடம் ஈக்யூதான், அதாவது பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர். அதிலும் பழைய கருவிகளைப் பார்த்துச் செய்த பிளகின் (ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் ஓடும் சிறு மென்பொருள்) என்றால் கேட்கவே வேண்டாம், அந்தப் பெரிய குமிழ்களைத் திருப்பிப் பார்க்காமல் இருக்க மனசு வராது. நானும் பல வருடம் அப்படித் திருப்பிக்கொண்டிருந்தவன்தான். நான் திருத்த முயன்றவற்றில் பல, ஈக்யூவுக்குச் சம்பந்தமே இல்லாத கோளாறுகள் என்பது ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது.

கோளாறில் நிறம் சார்ந்தது ஒன்று, நேரம் சார்ந்தது ஒன்று. பேஸ் தூக்கலாக இருக்கிறது, ட்ரெபிள் மங்கலாக இருக்கிறது என்பதெல்லாம் நிறம். அதற்கு ஈக்யூ மருந்து. ஒரே சத்தம் இரண்டு வழியாக வந்து, ஒன்று சற்றுப் பிந்திச் சேர்ந்து, இரண்டும் ஒன்றையொன்று தின்பது நேரம் சார்ந்த கோளாறு. அதை எந்த ஈக்யூவாலும் தீர்க்க முடியாது. எது எது என்று பிரிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு: ஒரே வாத்தியத்தைப் பிடித்த இரண்டு ட்ராக்கில் ஒன்றை மியூட் செய்யுங்கள். மியூட் செய்ததும் சத்தம் இன்னும் கனமானால் அது நேரக் கோளாறு. ஈக்யூவை மூடிவிட்டு மைக் பக்கம் போங்கள்.

இனி அறிகுறி வாரியாகப் பார்க்கலாம்.

போட்டதும் பிரமாதம், மறுநாள் கேட்டால் ஒன்றுமில்லை

பிளகின் சத்தத்தைக் கூட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு டெசிபல் கூடினாலே காது அதை 'நல்லது' என்று எடுத்துக்கொள்ளும். அவுட்புட் குமிழைக் குறைத்து, பிளகின் இருக்கும்போதும் இல்லாதபோதும் ஒரே சத்தம் வரும்படி வையுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பிளகினை விலக்கிச் சேர்க்கும் பைபாஸ் பட்டனை எத்தனை முறை அழுத்தினோம் என்று மறந்துபோகும் வரை அழுத்துங்கள். இப்போது எது பிடிக்கிறதோ அதுதான் உங்கள் உண்மையான தீர்ப்பு.

குமிழ் எல்லாம் பூஜ்யத்தில் இருந்தாலும் நிறம் மாறுகிறதே என்று சிலர் குழம்புவதுண்டு. அது கோளாறு இல்லை. 1951-இல் பல்ஸ் டெக்னிக்ஸ் கொண்டுவந்த புல்டெக் ஈக்யூவில் வடிகட்டும் பகுதி மின்சாரமே வேண்டாதது. அதில் இழக்கிற சத்தத்தை வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் உள்ள ஆம்ப் மீட்டுக் கொடுக்கும். சிக்னல் எப்படியும் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். அதைப் பார்த்துச் செய்த பிளகினும் அப்படியே நடந்துகொள்கிறது.

குரல் லேசாகக் கரகரக்கிறது, மீட்டர் எங்கும் சிவக்கவில்லை

பிளகினுக்குள் போகிற அளவு அதிகம். பழைய மிக்ஸிங் மேசைகளில், சராசரிச் சத்தத்தை முள்ளால் காட்டும் வியூ மீட்டரின் பூஜ்யம்தான் சாதாரண வேலை அளவு. அதற்கு மேலும் நிறைய இடம் இருக்கும். பிளகின் செய்பவர்களில் பலர் அந்தப் பூஜ்யத்தை டிஜிட்டலில் (அங்கே 0தான் உச்ச எல்லை) மைனஸ் 18 டெசிபலுக்குப் பொருத்துகிறார்கள். நீங்கள் குரலை உச்சம் மைனஸ் 3-ஐத் தொடும்படி ரெக்கார்ட் செய்திருந்தால் நீட்டிப் பாடும் இடங்களில் அதன் சராசரி மைனஸ் 10 பக்கம்கூட நிற்கலாம். அப்படியானால் கருவி எதிர்பார்த்ததைவிட 8 டெசிபல் கூடுதலாக உள்ளே தள்ளுகிறீர்கள். நிஜக் கருவி என்ன செய்யுமோ அதையே பிளகினும் செய்யும்: ஓரம் சிதையும்.

இதற்கு ஃபேடரை (ட்ராக்கின் சத்த அளவை மாற்றும் தள்ளு குமிழ்) இறக்கிப் பயனில்லை. ட்ராக்கில் பிளகின் உட்காரும் இடமான இன்சர்ட்டைத் தாண்டிய பிறகுதான் ஃபேடரே வருகிறது. கிளிப் கெய்னை, அதாவது பதிவான துண்டின் சொந்தச் சத்த அளவை, குறையுங்கள், அல்லது பிளகினின் இன்புட் குமிழைக் குறையுங்கள். குரல், பேஸ் கிட்டார் மாதிரி நீளமாக ஒலிப்பவற்றுக்கு மைனஸ் 18 சராசரி நல்ல தொடக்கம். ட்ரம்ஸுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் சிறு ட்ரம்) அடியின் உச்சம் மைனஸ் 8-இல் இருக்கும்போதே வியூ முள் சோம்பேறித்தனமாகக் கீழே கிடக்கும். அங்கே முள்ளை நம்பி கெய்னைக் கூட்டினால் அடியின் முனை மழுங்கிப்போகும்.

கிக் தொம்மென்று இல்லை, கொழகொழவென்று புடைக்கிறது

காலால் பெடலை உதைத்து ஒலிக்கும் பெரிய ட்ரம்தான் கிக். அது இப்படிப் புடைப்பதற்குப் பின்னால் பெரும்பாலும் புல்டெக் வித்தை இருக்கும். கீழ்ப் பகுதியில் கூட்டுகிற பூஸ்ட் குமிழ், குறைக்கிற அட்டென் குமிழ் இரண்டையும் சேர்த்துத் திருப்பு, மந்திரம் மாதிரி வேலை செய்யும் என்று எல்லோரும் கேட்டிருப்போம். வேலை செய்கிறது, உண்மைதான். ஏன் என்று தெரியாமல் செய்தால் புடைக்கவும் செய்கிறது.

புல்டெக்கின் இக்யூபி-1ஏ கருவியில் கீழ்ப் பகுதிக்கு 20, 30, 60, 100 ஹெர்ட்ஸ் என்று நான்கே நிலை. பூஸ்ட்டுக்கும் அட்டெனுக்கும் ஒரே சுவிட்ச். ஒரே இடத்தைக் கூட்டிக் குறைத்தால் மிச்சம் பூஜ்யம்தானே என்று கணக்குச் சொல்லும். ஆனால் இரண்டும் தனித்தனிச் சுற்று, வளைவுகள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவதில்லை. குறைக்கிற வளைவு சற்று மேலே தள்ளி உட்காருகிறது. ஆகவே அடியில் ஒரு மேடும், அதற்கு மேலே ஒரு பள்ளமும் கிடைக்கும். 60-இல் வைத்தால் அந்தப் பள்ளம் ஏறக்குறைய 200 முதல் 400-க்குள் விழும். கிக்கில் அட்டைப்பெட்டிச் சத்தம் குடியிருக்கும் இடமும் அதை ஒட்டித்தான். வித்தையின் ரகசியம் அவ்வளவே.

இப்போது கோளாறுக்கு வருவோம். முதல் தப்பு 100-ஐத் தேர்ந்தெடுப்பது. இந்த வளைவுகள் செங்குத்தானவை அல்ல, சரிவாக மேலே வெகுதூரம் நீளும். 100-இல் பூஸ்ட் செய்தால் 200, 300 எல்லாம் கூடவே எழுந்து வரும். அதுதான் கொழகொழப்பு. 60-க்கோ 30-க்கோ இறங்குங்கள். 30-இல் பூஸ்ட் செய்தால் 60-ம் சேர்ந்துதான் உயரும், பயப்பட வேண்டாம். இரண்டாவது தப்பு குமிழின் எண்ணை டெசிபல் என்று நினைப்பது. 0 முதல் 10 வரை வெறும் படிகள். 4 என்றால் 4 டெசிபல் இல்லை. பூஸ்ட் 4, அட்டென் 3 என்று தொடங்கி, அட்டெனை மட்டும் மெல்ல ஏற்றிப் பாருங்கள். கிக்குக்கும் பேஸ் கிட்டாருக்கும் நடுவே ஒரு சந்து திறப்பது கேட்கும். அங்கே நிறுத்துங்கள்.

மூன்றாவது, இரண்டுக்கும் ஒரே வித்தை. கிக்குக்கு 60, பேஸ் கிட்டாருக்கும் 60 என்றால் இரண்டு பேரும் ஒரே நாற்காலிக்குச் சண்டை போடுவார்கள். கிக்குக்கு 30 கொடுத்தால் பேஸ் கிட்டாருக்கு 100 கொடுங்கள். இதை சோலோவில், அதாவது அந்த ஒரு ட்ராக்கை மட்டும் தனியாக ஒலிக்கவிட்டு, தீர்மானிக்காதீர்கள். சோலோவில் பருத்த கிக்தான் எப்போதும் ஜெயிக்கும்.

இத்தனைக்கும் பிறகும் அடி வரவில்லையா? ரெக்கார்டிங்கில் அடியே இல்லாமல் இருக்கலாம். இல்லாததை பூஸ்ட் செய்தால் தரை அதிர்வும் பெடல் உதையும்தான் பெரிதாகும். அப்படியானால் கீழே ஸ்பீக்கர் மைக் பகுதியைப் பாருங்கள்.

குரல் குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது

பாடுபவர் மைக்கை முத்தமிட்டிருக்கிறார். திசை பார்த்துப் பிடிக்கிற மைக் எதுவானாலும், வாய் நெருங்க நெருங்க பேஸ் ஏறும். முன்பக்கச் சத்தத்தையே பெரிதும் பிடிக்கும் கார்டியாய்டில் ஏறும், முன்னும் பின்னும் பிடிக்கும் எட்டு வடிவ ரிப்பன் மைக்கில் இன்னும் அதிகமாக ஏறும். எல்லாத் திசையும் பிடிக்கிற ஆம்னியில் இது இல்லை.

தூரம் மாறாமல் நெருங்கியே பாடியிருந்தால் அது நிறக் கோளாறு, ஈக்யூ போதும். நீவ் 1073 என்ற பழைய ஈக்யூவைப் பார்த்துச் செய்த பிளகினில் பலர் நேராக 80 ஹெர்ட்ஸ் ஹை-பாஸைப் (குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ளதை வெட்டும் வடிகட்டி) போட்டுவிட்டு, குடம் அப்படியே இருக்கிறதே என்று விழிப்பார்கள். குடம் இருப்பது 100-க்கும் 300-க்கும் நடுவே. 80-இல் வெட்டினால் அதற்குக் கீழே உள்ள உறுமல்தான் போகும். அந்தக் கருவியின் கீழ் ஷெல்ஃப் (அடிப்பகுதி முழுவதையும் மொத்தமாகக் கூட்டிக் குறைப்பது) 35, 60, 110, 220 என்று நான்கு நிலையில் வரும். 220-ஐ எடுத்து 3 டெசிபல் குறையுங்கள், ஹை-பாஸ் 80-இலேயே இருக்கட்டும்.

தூரம் மாறிக்கொண்டே இருந்தால் கதை வேறு. ஒரு முறை எனக்கு வந்த குரலில் சரணம் முழுக்கக் கனமாக இருந்தது, பல்லவியில் மட்டும் குரல் மெலிந்து தகரமாக ஒலித்தது. சரணத்துக்கு ஈக்யூ வைத்தால் பல்லவி செத்தது, பல்லவிக்கு வைத்தால் சரணம் ஊதியது. கேட்டுப் பார்த்ததில், உச்சஸ்தாயி வரும்போதெல்லாம் அவர் ஒரு முழம் பின்னால் போயிருக்கிறார். மேடைப் பழக்கம். மேடையில் அது நல்ல பழக்கம்கூட. இப்படிப்பட்ட ட்ராக்கை ஒரே ஈக்யூவில் அடக்கப் பார்க்காதீர்கள். சரணம் ஒரு ட்ராக், பல்லவி ஒரு ட்ராக் என்று வெட்டிப் பிரித்து, தனித்தனி ஈக்யூ வையுங்கள். அடுத்த ரெக்கார்டிங்கில் பாப் ஃபில்டரை (வாய்க்காற்றைத் தடுக்கும் வலைத் தட்டு) மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்திவிடுங்கள். அது பேச்சில்லாமலே வாயை அங்கே நிறுத்தும்.

'ஸ' வரும்போதெல்லாம் காதில் ஊசி

1073-இன் மேல் ஷெல்ஃப் 12 கிலோஹெர்ட்ஸில் நிலையாக நிற்பது. 12 என்றதும் காற்று மாதிரி மென்மையாக இருக்கும் என்று 6 டெசிபல் ஏற்றிவிடுகிறோம். ஆனால் அதன் சரிவு வெகு கீழிருந்தே தொடங்குகிறது. 'ஸ', 'ஷ' வாழ்வது 5 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் வாக்கில். அவையும் சேர்ந்து ஏறிவிடும். 'ஸ' ஒலி எழும்போது மட்டும் அதை அமுக்கும் டீ-எஸ்ஸரை ஈக்யூவுக்கு முன்னால் வைத்து, பிறகு ஷெல்ஃபை ஏற்றுங்கள். அப்போதும் குத்தினால் ஏற்றியதே அதிகம் என்று அர்த்தம்.

மறுபடி பாடவைக்க முடிந்தால் இதைவிட நல்ல வழி மைக்கில் இருக்கிறது. மைக்கைச் சற்றே சாய்த்து, வாயிலிருந்து வரும் காற்று நேராக மைக்கின் உள்ளே அதிரும் தகடான டயஃப்ரத்தில் மோதாமல் ஓரமாகப் போகும்படி வையுங்கள். இன்னொரு பழைய வித்தை: சாதாரணப் பென்சில் ஒன்றை மைக்கின் முகத்துக்கு நடுவே நெட்டாக நிறுத்தி, இரண்டு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவது. பார்க்கச் சிரிப்பாக இருக்கும். காற்றின் முனையைப் பிளந்துவிடுவதால் 'ப'வின் உதையும் 'ஸ'வின் கூர்மையும் தணியும். எல்லாக் குரலுக்கும் பலிக்காது. செலவு ஒரு பென்சில் என்பதால் முயன்று பார்க்கலாம்.

இரண்டு மைக்கும் தனித்தனியாக அருமை, சேர்த்தால் ஒல்லி

நேரக் கோளாற்றில் இதுதான் மூத்தது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. இரண்டாவது மைக் 34 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் அதற்குச் சத்தம் 1 மில்லி நொடி பிந்திப் போகும். நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் அளவெடுப்பு) எடுக்கும் 48 கிலோஹெர்ட்ஸ் ரெக்கார்டிங்கில் அது 48 சாம்பிள். இரண்டையும் சேர்த்தால் 500 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம், 1500-இல் ஒன்று, 2500-இல் ஒன்று, இப்படி மேலே மேலே சீப்பின் பல் மாதிரி. இரண்டும் ஒரே அளவில் இருந்தால் அந்தப் பள்ளத்தில் சத்தம் முழுசாகவே இல்லை. அங்கே ஈக்யூவில் 10 டெசிபல் பூஸ்ட் செய்தால் என்ன ஆகும்? சைபரை எத்தனையால் பெருக்கினாலும் சைபர்தான். சுற்றியுள்ளவை மட்டும் அசிங்கமாக உயரும்.

அலையைத் தலைகீழாகத் திருப்பும் போலாரிட்டி பட்டனை ஒரு ட்ராக்கில் அழுத்திப் பாருங்கள். கனம் திரும்பினால் நல்லது, அப்படியே விட்டுவிடலாம். ஸ்னேரின் மேல் மைக்கும் கீழ் மைக்கும் அப்படிப்பட்ட ஜோடி. குச்சி விழும்போது மேல் தோல் மைக்கை விட்டு விலகுகிறது, கீழ்த் தோல் தன் மைக்கை நோக்கி வருகிறது. இரண்டும் எதிரெதிர். ஒன்றைத் திருப்பினால் தீர்ந்தது. ஆனால் தூரத்தால் வந்த பிந்தலை அந்தப் பட்டன் குணப்படுத்தாது. மேடும் பள்ளமும் இடம் மாறும், அவ்வளவுதான். பெரும்பாலும் அடி பேஸ் காணாமல் போகும்.

கிட்டார் ஆம்ப் முன்னால் இரண்டு மைக் வைக்கிறவர்களுக்கு ஒரு கைப்பழக்கம் சொல்கிறேன். ஒரு மைக்கின் போலாரிட்டியைத் திருப்பிவிடுங்கள். ஹெட்போனில் இரண்டையும் ஒரே அளவில் கேட்டுக்கொண்டே, மற்ற மைக்கை ஒரு விரல்கடை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் சத்தம் திடீரென்று உள்வாங்கி, வெறும் கீச்சென்று ஆகும். அந்த இடத்தில் ஸ்டாண்டின் திருகை இறுக்கிவிட்டு, போலாரிட்டியைப் பழையபடி வையுங்கள். மிகக் கனமான இடம் அதுதான். ஒன்று நன்றாக இருக்கிறதா என்று தேடுவதைவிட, எங்கே மோசமாகிறது என்று தேடுவது காதுக்குச் சுலபம்.

ட்ரம்ஸின் மேலே தொங்கும் இரண்டு ஓவர்ஹெட் மைக்குகளுக்கு நூல்தான் கருவி. ஸ்னேரின் நடுவில் ஒருவர் நூலின் ஒரு முனையை விரலால் அழுத்திக்கொள்ள, மறுமுனையை ஒரு மைக் வரை இழுத்து அங்கே முடிச்சுப் போடுங்கள். அதே முடிச்சு மற்ற மைக்கையும் தொட வேண்டும். தொட்டால் ஸ்னேர் நடுவில் நிமிர்ந்து நிற்கும்.

பல பேர், பல மைக் என்றால் மூன்றுக்கு ஒன்று விதியை நினைவில் வையுங்கள். தன் மைக்குக்கு ஒருவர் ஒரு சாண் தூரம் என்றால், அடுத்தவர் மைக் அவரிடமிருந்து மூன்று சாண் தள்ளி இருக்க வேண்டும். மும்மடங்கு தூரத்தில் சத்தம் 9.5 டெசிபல் குறைந்துவிடும். அப்போது சீப்பின் பள்ளம் 3 டெசிபல் சொச்சத்தோடு நின்றுவிடுகிறது, காது பொருட்படுத்தாது.

ரெக்கார்டிங் முடிந்த பிறகு ட்ராக்கை நகர்த்திச் சேர்ப்பதும் உண்டு. கிக்கின் உள் மைக், வெளி மைக்குக்கு அது நல்லது. ஓவர்ஹெட்டை இழுத்து ஸ்னேரோடு ஒட்டவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சில மில்லி நொடிப் பிந்தலில்தான் அறையின் விரிவு இருக்கிறது. ஒட்டினால் ஸ்னேர் தடிக்கும், அறை சுருங்கும்.

ஒரே மைக்தான், ஆனாலும் குழாய்க்குள் பேசுகிற மாதிரி

பாட்டு வரிகள் வைக்கிற ஸ்டாண்டைப் பாருங்கள். தட்டையான உலோகத் தகடு, மைக்குக்கு நேர் கீழே. வாயிலிருந்து நேராக ஒரு சத்தம், தகட்டில் பட்டுத் திரும்பிய சத்தம் இன்னொன்று. இரண்டாவது மைக் இல்லாமலே சீப்பு தயார். மேஜை, ஜன்னல் கண்ணாடி, வெற்றுச் சுவர் எல்லாம் இதே வேலையைச் செய்யும். ஸ்டாண்டில் தடிமனான துண்டு ஒன்றைப் போட்டு, அதைச் சரித்து வைத்தால் பாதிப் பிரச்சினை முடிந்துவிடும். ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்றால் ஈக்யூ அதை மறைக்குமே தவிர நீக்காது.

ஒரு ட்ராக்குக்கு மட்டும் ஈக்யூ போட்டேன், ஜோடியே கெட்டுவிட்டது

பழைய பாணி ஈக்யூ எதுவும் அளவை மாற்றும்போது ஃபேஸையும் (அலையின் ஏற்ற இறக்கம் வரும் நேரம்) சேர்த்தே திருப்பும். தனி ட்ராக்கில் அது தெரியாது. கிக்கின் உள் மைக்குக்கு மட்டும் செங்குத்தான ஹை-பாஸ் போட்டு, வெளி மைக்கை அப்படியே விட்டால், வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் இரண்டும் இனி ஒத்துப்போகாது. ஜோடியை ஒரே பஸ்ஸில் (பல ட்ராக் ஒன்றாகச் சேரும் சானல்) சேர்த்து அங்கே ஈக்யூ போடுங்கள். ஒரே ட்ராக்கின் நகலை அதனோடு பேரலலாக ஒலிக்கவிட்டு, நகலுக்கு மட்டும் ஈக்யூ செய்கிறவர்களுக்கும் இதேதான்.

ஓவர்சாம்ப்ளிங் செய்கிற (உள்ளுக்குள் சாம்பிள் எண்ணிக்கையைப் பெருக்கி வேலை செய்கிற) பிளகின்கள் சிக்னலைத் தாமதப்படுத்தவும் செய்யும். மற்ற ட்ராக்குகளையும் அதே அளவு தாமதப்படுத்திச் சமன்செய்யும் மென்பொருளின் தாமத ஈடு (டிலே காம்பென்சேஷன்) அணைந்திருந்தால், நீங்களே ஒரு நேரக் கோளாற்றை உள்ளே உண்டாக்கியிருக்கிறீர்கள். அமைப்புகளில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஸ்பீக்கரை மைக்காக வைத்தேன், கிக்கின் அடி இன்னும் குறைந்தது

யமஹா என்எஸ்-10 ஸ்டுடியோ ஸ்பீக்கரின் வூஃபரை (பேஸ் ஒலிக்கும் பெரிய கூம்பு) கழற்றி கிக் முன்னால் நிறுத்துவது பிரபலமான வித்தை. கனமான கூம்பு மெல்ல அசைவதால் அடி மட்டும் பிடிபடும். இங்கே தவறு வயரில் இருக்கும். ஸ்பீக்கரின் பிளஸ் முனைக்கு நேர் மின்னழுத்தம் கொடுத்தால் கூம்பு வெளியே வரும். மைக்காக இருக்கும்போது கிக்கின் காற்று அதை உள்ளே தள்ளுகிறது, ஆகவே பிளஸ் முனையில் எதிர் மின்னழுத்தம் பிறக்கும். பிளஸை மைக் கேபிளின் (எக்ஸ்எல்ஆர்) இரண்டாம் பின்னில் சேர்த்திருந்தால், மற்ற கிக் மைக்குக்கு இது நேர் எதிர். போலாரிட்டியைத் திருப்புங்கள். அந்தச் சானலில் ஃபேன்டம் பவர் (கேபிள் வழியாக மைக்குக்குப் போகும் மின்சாரம்) அணைந்திருக்கட்டும். சிக்னல் பலமாக வரும், அதைக் குறைக்கும் பேட் சுவிட்ச் தேவைப்படும். சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் அதில் ஒன்றுமில்லை, அங்கே ட்ரெபிள் தேடி பூஸ்ட் செய்யாதீர்கள்.

பாட்டு நிற்கும்போது உஸ்ஸென்று இரைச்சல்

சில பிளகின்கள் பழைய கருவியின் ஹம்மையும் இரைச்சலையும் சேர்த்தே தருகின்றன. ஒன்றில் கேட்காது. ட்ராக் எண்ணிக்கை இருமடங்காகும்போதெல்லாம் இரைச்சல் 3 டெசிபல் ஏறும். 16 ட்ராக்கில் போட்டால் 12 டெசிபல். அனலாக் அல்லது நாய்ஸ் என்ற சுவிட்சை அணைத்துவிடுங்கள், பெரும்பாலும் நிறம் போகாது.

மேலே ஏற்றினால் பளபளப்பு வரவில்லை, மணல் வருகிறது

சிதைவு உண்டாக்கும் பிளகின் என்றால், 44.1 கிலோஹெர்ட்ஸ் புராஜெக்டில் 22.05-க்கு மேல் பிறக்கிற ஓவர்டோன்கள் மடங்கிக் கீழே விழும். அவை சுருதியோடு சேராதவை, அதனால்தான் மணல். ஓவர்சாம்ப்ளிங்கைப் போடுங்கள், இன்புட்டைக் குறையுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் அந்த ஒரு வேலைக்கு நிறமே இல்லாத சாதாரண ஈக்யூவை எடுங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, மறுபடி ரெக்கார்ட் செய்யவும் வழியில்லை

இரண்டு மைக்கில் எது அந்தப் பாட்டுக்கு நெருக்கமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை மியூட் செய்யுங்கள். அழித்துவிடாதீர்கள், ஒதுக்கி வையுங்கள். கிட்டார் இரண்டு மைக்கில் வந்து ஒட்டவே மாட்டேன் என்றால், சரணத்துக்கு ஒன்று, பல்லவிக்கு இன்னொன்று என்று மாற்றி மாற்றிப் போடலாம். ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்காதவரை இரண்டும் சண்டை போடாது.